கொளஞ்சியும் தூசி மிஷினும்

விருத்தாசலம் தொழிற்பேட்டை வாசலில் நின்று "கொளஞ்சி" என்று குரல் கொடுத்தால் ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சாமி பெயர், இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். நான் சொல்வது எங்கள் கம்பெனி கொளஞ்சி அக்காவை. குட்டையான, கனத்த உடம்பு. உரத்த குரல். பேசி முடித்ததும் இருமுவாள். இருமி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து பேசுவாள். அவளுக்கு அடுத்த பலகையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் நான். எனக்கு அதிகம் பேச வராது. பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாங்கள் செய்வது பீங்கான் ஃபியூஸ் கட்டை. வீட்டு மெயின் போர்டில் கம்பியைச் சுற்றிச் செருகுவார்களே, அந்த வெள்ளைக் கட்டை. அச்சில் அழுத்தி எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கட்டை காய்ந்த பிறகு எங்கள் கூடத்துக்கு வரும். ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். அதைப் பிளேடால் சுரண்ட வேண்டும். பிறகு ஸ்க்ரூ போகிற ஓட்டைகளில் அடைத்திருக்கும் மாவை எடுக்க வேண்டும். காற்றுக் குழாயை வைத்தால் சூளையில் வேகாத கட்டை உடைந்துவிடும். ஈரத் துணியால் துடைத்தால் மறுபடி காய ஒரு நாள் போய்விடும் என்று முதலாளி விடமாட்டார். அதனால் வாயால் ஊதுகிறோம். ஒரு சாண் ரப்பர்க் குழாய். ஒரு முனை ஓட்டையில், மறு முனை எங்கள் வாயில். ஊதிய மாவு ஓட்டையிலிருந்து கிளம்பி நேராக எங்கள் முகத்துக்குத்தான் வரும்.

ஜன்னலைத் திறந்தால் காற்றில் கட்டை வெடிப்பு விடும் என்று ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். டீ வந்தால் குடிப்பதற்குள் மேலே வெள்ளையாக ஆடை படியும். அது பால் ஆடை இல்லை. விரலால் எடுத்துப் பலகையின் அடியில் தடவிவிட்டுக் குடிப்போம். சாயந்தரம் முகம் கழுவும்போது மூக்கிலிருந்து வருவது சளி மாதிரி இருக்காது, குழைத்த மாவு மாதிரி இருக்கும். கூடத்துக்குப் பின்னால் நாங்கள் துப்புகிற சுவர் ஒன்று இருக்கிறது. அந்தச் சுவருக்கு யாரும் சுண்ணாம்பு அடித்ததில்லை. ஆனாலும் அது வெள்ளையாகத்தான் இருக்கிறது.

கொளஞ்சி அக்கா கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துப் பெண். சின்ன வயதில் நடவு, களையெடுப்பு. கல்யாணம் ஆகி விருத்தாசலம் வந்தவள் நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று சொன்னதால் பீங்கான் கம்பெனிக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரர் சேரன், வேப்பூர் ஹைவே ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வருவார்.

"அந்தாளு மேல மைதா மாவு, என் மேல பீங்கான் மாவு" என்பாள் அக்கா. "ரெண்டு பேரும் சொவத்துகிட்ட நின்னு துணிய ஒதறுனா போதும், எங்க வூட்டுக்குப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேணாம்."

இருமல் வந்து பல வருஷம் ஆகிறது. முதலில் ஒரு டாக்டர் டிபி என்று மாத்திரை கொடுத்தார். மாதக்கணக்கில் சாப்பிட்டாள். மூத்திரம் சிவப்பாகப் போனதுதான் மிச்சம். அப்புறம் இன்னொரு டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பார்த்துவிட்டு இது டிபி இல்லை, தூசி நெஞ்சில் போய்ப் படிந்திருக்கிறது, படிந்தது படிந்ததுதான், இனிமேல் சேராமல் பார்த்துக்கொள் என்றாராம்.

"தூசிகிட்ட போவாதம்மான்னாரு. நான் எங்க சார் போறேன், அதுதான என்கிட்ட வருதுன்னேன். வேற வேல பாருன்னாரு. நீங்க ஆசுபத்திரியில ஒரு வேல போட்டுக் குடுங்கன்னேன். அடுத்த ஆளக் கூப்புட்டுட்டாரு."

இதைச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அதற்கு முன்பே அவள் மல்லாந்து படுப்பதை விட்டிருந்தாள். படுத்தால் நெஞ்சு அடைக்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள்.

அந்தச் சமயத்தில்தான் அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். எங்கிருந்தோ அவர்களுக்கு நிதி வந்திருந்தது. வந்தவர் பிரவீன்குமார். சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை, எல்லோரையும் அக்கா என்று கூப்பிடும் பழக்கம். எங்கள் கூடத்துச் சுவரில் பேனர் கட்டினார். "நலிவுற்ற பெண் தொழிலாளர்களுக்கான பணியிடப் பாதுகாப்புப் பயிற்சி" என்று போட்டிருந்தது.

"நலிவுற்றன்னா என்னா தம்பி?" என்று கேட்டாள் கொளஞ்சி அக்கா.

"கஷ்டப்பட்டு... எளச்சுப் போனவங்கக்கா."

அக்கா தன் இடுப்பை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். "அப்ப நான் வெளிய போயிடவா?"

கூடமே சிரித்தது. பிரவீன்குமாரும் சிரித்தார். எங்கள் முதலாளி கோதண்டபாணி மட்டும் சிரிக்கவில்லை. அவர் வாசலில் நின்று, வேலை எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்தார்கள். மூக்குக்கு மேல் கம்பி வைத்த நல்ல மாஸ்க். போட்டதும் வளர்மதி முகத்தைச் சுளித்தாள். வளர்மதி எனக்கு எதிர்ப் பலகை, எங்களில் இளையவள்.

"யக்கா, இதுல யாரோ கருவாட்டுக் கொழம்பு தின்னுருக்கா."

என்னுடையதில் பவுடர் வாசனை அடித்தது. உள்பக்கம் மஞ்சளாக ஒரு கறை. அக்கா அவளுடையதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். நூல் ஓரத்தில் காய்ந்த எச்சில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. முந்தின நாள் பக்கத்துக் கம்பெனியில் பயிற்சி நடந்திருக்கிறது. அங்கே கொடுத்து, போட்டோ எடுத்து, திரும்ப வாங்கிப் பையில் போட்டு எங்களிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்களிடமும் அப்படித்தான் வாங்கிப் போனார்கள். நாளை இன்னொருத்தி இதை முகத்தில் வைத்து மூச்சு இழுப்பாள், என் எச்சிலும் அதில் இருக்கும்.

"யாருக்குக்கா நல்ல இருமல் இருக்குது?" என்று பிரவீன்குமார் கேட்டார். வீடியோ எடுக்க ஆள் வேண்டுமாம். எல்லோரும் கொளஞ்சி அக்காவைக் காட்டினார்கள், கல்யாண வீட்டில் பாடத் தெரிந்தவளைக் காட்டுவது போல.

பிறகு வண்டியிலிருந்து ஒரு மிஷினை இறக்கினார்கள். சக்கரம் வைத்த பெட்டி. அதிலிருந்து கை பருமனில் வளையும் ஒரு குழாய். குழாயின் வாயைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துச் சுவிட்சைப் போட்டார்கள். அக்காவை ஊதச் சொன்னார்கள். அவள் ரப்பர்க் குழாயை வாயில் வைத்து ஊதினாள்.

மாவு கிளம்பியது. முகத்துக்கு வரவில்லை. பாதி வழியில் வளைந்து, ஒரு வெள்ளை நூல் மாதிரி நீண்டு, மிஷின் குழாய்க்குள் போய்விட்டது.

அக்கா இன்னொரு கட்டையை எடுத்து ஊதினாள். அதுவும் போனது. பயிற்சி முடிந்தது, போதும் அக்கா என்றார் பிரவீன்குமார். அவள் கேட்கவில்லை. ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பிளக்கை அவரே பிடுங்கி மிஷினை வண்டியில் ஏற்றினார். அக்கா பின்னாலேயே போனாள். நானும் அவள் பின்னால் போனேன்.

"தம்பி, இத எங்கக் கூடத்துக்குக் குடுக்க மாட்டீங்களா?"

"இது டெமோக்கா. செஞ்சு காட்டுறதுக்கு."

"செஞ்சு காட்டியாச்சே. இனிமே நாங்க செஞ்சுக்கறோம்."

அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா, நிதி வந்துருக்கறது பயிற்சிக்கு மட்டுந்தான். மிஷின் வாங்கிக் குடுக்கறதுக்கு அதுல எடமில்ல. குடுத்தா ஆடிட்ல மாட்டிப்பேன், என் வேல போயிடும்."

"அப்ப இல்லாத மிஷின எப்படி ஓட்டறதுன்னு கத்துக் குடுக்கத்தான் வந்தீங்களா?"

அவர் வண்டிக் கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை அவர். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

முதலாளியிடமும் அக்கா கேட்டுப் பார்த்தாள். "கரண்டு பில்லு யார் கட்டறது, உங்கப்பனா?" என்றார். அவள் அப்பா செத்துப்போய் வெகு காலம் ஆகிறது. அவள் வந்து உட்கார்ந்து ஊத ஆரம்பித்தாள்.

கொஞ்ச நாள் கழித்து, நிதி கொடுக்கிற இடத்திலிருந்து ஒரு மேடம் நேரில் பார்க்க வருகிறார் என்றார்கள். கொளஞ்சி அக்கா அன்று டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னாள்.

"ஆண்டாளு, அந்தம்மாவுக்கு இங்க என்னா நடக்குதுன்னு தெரியாது. போட்டோல எல்லாரும் மாஸ்க் போட்டுகினு சிரிக்கறோம். கண்ணால பாத்தா மிஷின குடுத்துடும்டி. பொம்பள தான. பாக்க வச்சிடறேன்."

மேடம் வருவதற்கு முந்தின நாள் பிசிறு எடுக்க விடவில்லை. தரையெல்லாம் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். ஆணி பிடுங்கி ஜன்னலைத் திறந்தார்கள். சுவருக்குப் பக்கத்தில் பூந்தொட்டி வைத்தார்கள். துப்புகிற சுவரைத் தார்ப்பாயால் மூடினார்கள். அத்தனை வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் அந்தக் கூடம் மனிதர்கள் உட்காரக்கூடிய இடமாக இருந்தது.

மேடம் பருத்திப் புடவையில் வந்தார். எல்லோருக்கும் கும்பிடு போட்டார். அன்றைக்கென்று மறுபடி கொண்டுவந்த மிஷின் ஓடியது, எல்லோர் முகத்திலும் மாஸ்க். கொளஞ்சி அக்காவை முன்னால் உட்கார வைத்து, ஊதிக் காட்டுங்க என்றார்கள்.

அக்கா கையை நீட்டி மிஷினின் சுவிட்சை அணைத்தாள். மாஸ்க்கைக் கழற்றி மடியில் போட்டாள். முந்தின நாளே பலகைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த ஒரு தட்டு நிறைய பச்சைக் கட்டையை எடுத்தாள். ஒவ்வொன்றாக, தினமும் செய்வது மாதிரியே, சுரண்டி ஊதினாள். சுரண்டினாள், ஊதினாள். புகை மாதிரி எழும்பியது. மேடம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். முதலாளியின் முகம் கறுத்தது. அக்கா நிறுத்தவில்லை. பிறகு அவளே நினைத்தாலும் நிறுத்த முடியாத இருமல் வந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கண்ணில் நீர் வழிய, வாயில் வந்ததை முந்தானையில் பிடித்தாள். வெள்ளையும் சிவப்புமாக இருந்தது.

நான் எழுந்துவிட்டேன். அதற்குள் பிரவீன்குமார் மைக்கை எடுத்தார்.

"இது பயிற்சிக்கு முன்! இப்படித்தான் நம்ம சகோதரிகள் இருந்தாங்க!"

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மேடம் கைதட்டினார். கூட வந்தவர்கள் தட்டினார்கள். முதலாளியும் தட்டினார், எல்லோரையும் விடச் சத்தமாக. அக்கா இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். அவள் இருமல் ஏறஏற கைதட்டலும் ஏறியது.

"எவ்வளவு தத்ரூபமா செஞ்சு காட்டுறாங்க" என்றார் மேடம். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார். கையில் ரத்தம் பிடித்த முந்தானையைச் சுருட்டி வைத்துக்கொண்டு அக்கா அந்தச் சரிகைத் துணிக்குள் நின்றதை நான் பார்த்தேன். எனக்கு அங்கிருந்த எல்லோர் மேலும் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்புகிற சுவரைத்தான் மூடி வைத்திருந்தார்களே.

மறுநாள் பிரவீன்குமார் வந்தார். அக்காவின் முகத்தை நேராகப் பார்க்காமல் பேசினார்.

"கொளஞ்சிக்கா, நேத்து என்னைய மன்னிச்சுடுங்க. அப்படிச் சொல்லலன்னா திட்டத்தையே நிறுத்திருப்பாங்க."

"இப்ப நிறுத்தலியா?"

"மேடத்துக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சு. ஒவ்வொரு கம்பெனியிலயும் நீங்க வந்து அதே மாதிரி செஞ்சு காட்டணும்னு சொல்றாங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு. சம்பளம் உண்டு. சரியான முறைய எங்க பொண்ணு ஒண்ணு செஞ்சு காட்டும். நீங்க தப்பான முறைய மட்டும் செஞ்சா போதும்."

வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அவரைச் செருப்பால் அடிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அக்கா யோசித்தாள்.

"அங்க எத்தினி தடவ ஊதணும்?"

"ஒரு அஞ்சு நிமிஷம்."

"இங்க காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் ஊதறேன். வாரத்துல ரெண்டு நாளு அஞ்சஞ்சு நிமிஷம் ஊதிட்டு மிச்ச நேரம் வண்டியில உக்காந்திருந்தா என் நெஞ்சுக்கு லாபந்தான்." பிறகு அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "வரேன். ஆனா மிஷினு எங்கக் கூடத்துல நிக்கணும். ஓடணும். இல்லன்னா நீயே போயி இருமிக் காட்டு."

அவர் போய் யார் யாரிடமோ பேசினார். அந்த மேடத்துக்கு அக்கா வேண்டும். அதனால் வழி பிறந்தது. மிஷினைக் கொடுக்க முடியாது. ஆனால் பயிற்சி நடக்கிற இடத்தில் வைக்கலாம். எனவே எங்கள் கூடம் "மாதிரிப் பயிற்சிக் கூடம்" ஆனது. பயிற்சி நடக்கும் வரை மிஷின் இங்கே இருக்கும். வண்டிக்கு அவர்கள் வேறொரு மிஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கூடத்துக்குக் கரண்டும் வாடகையும் நிதியிலிருந்து வரும் என்றதும் முதலாளிக்குத் தொழிலாளர் மேல் பாசம் பொங்கிவிட்டது. பேனருக்கு அவரே நல்ல கயிறு வாங்கிக் கொடுத்தார்.

அதிலிருந்து நாங்கள் தினமும் பயிற்சி பெற்றோம். காலையில் பேனருக்குக் கீழே நின்று ஒரு போட்டோ. ஒரே ஆட்கள் மாதிரி தெரியக்கூடாது என்று பிரவீன்குமார் சொன்னதால் இடம் மாறி நிற்போம். வளர்மதி சில நாள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள்வாள். நான் அவள் வளையலை வாங்கிப் போட்டுக்கொள்வேன். நலிவுற்றவர்களாக முகத்தை வைத்துக்கொள்வோம். போட்டோ முடிந்ததும் மிஷினைப் போட்டுவிட்டு வேலை செய்வோம்.

நாங்கள் செய்தது பொய்தான். தினமும் காலையில் அந்தப் பேனருக்குக் கீழே நிற்கும்போது உடம்பில் ஏதோ ஊர்வது போல இருக்கும். ஆனால் டீயில் ஆடை படியவில்லை. மூக்கிலிருந்து சளி சளியாகவே வந்தது. கொளஞ்சி அக்காவின் இருமல் நிற்கவில்லை, கூடவும் இல்லை. ஒரு நாள் காலையில் வந்து, "ராத்திரி சாஞ்சு படுத்தேன்டி, தலகாணி வச்சி" என்று சொன்னாள். ஊருக்குப் போய் வந்தவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

வாரத்துக்கு ரெண்டு நாள் வண்டியில் போய்விட்டு வந்தால் மட்டும் பேசமாட்டாள். ஒருமுறை நானே கேட்டேன்.

"என்னாக்கா, ரொம்ப ஊதச் சொன்னாங்களா?"

"ஊதறது ஒண்ணுமில்ல. மிஷின ஏத்தும்போது அங்க இருக்கறவளுங்க வண்டிக்குப் பின்னாலயே வராளுங்க. நமக்கு எப்பக்கா தருவாங்கன்னு என்னைய கேக்கறாளுங்க. நான் என்னான்னு சொல்றது? எங்கக் கூடத்துல ஒண்ணு நிக்குதுன்னா?" பிளேடைப் பலகையில் வைத்தாள். "எல்லாருக்காவும் அழுவறதுக்கு என் நெஞ்சுல எடம் இல்லடி. எனக்கே பத்தல."

வருஷக் கடைசியில் பிரவீன்குமார் ஒரு சேதி கொண்டுவந்தார். மேடம் மறுபடி வருகிறார். பயிற்சி எப்படி இருக்கிறது என்று எங்களைக் கேள்வி கேட்பார். எல்லோரும் தேறிவிட்டால் எங்கள் கூடத்துப் பயிற்சி முடிந்தது என்று அர்த்தம்.

"முடிஞ்சா?" என்றாள் அக்கா.

"மிஷின் அடுத்த கம்பெனிக்குப் போவும்க்கா. அங்கயும் பொம்பளைங்கதான இருக்காங்க."

"அந்த அடுத்த கம்பெனியிலயும் தேறிட்டா?"

"அங்கேந்து எடுத்துருவாங்க."

"அப்ப கத்துக்கிட்டவளுக்குக் கெடையாது. கத்துக்காதவளுக்குத்தான் மிஷினு."

பிரவீன்குமார் சிரிக்க முயன்றார். அக்கா சிரிக்கவில்லை. அவர் போனதும் எங்களை எல்லாம் கூப்பிட்டாள்.

"ஒருத்தியும் தேறக்கூடாது. வாயத் தொறந்து சரியா ஒரு பதில் சொன்னீங்க, அப்புறம் உங்க எக்ஸ்ரேவும் என்னுது மாரி ஆவும். வளரு, ஒனக்குத்தான் சொல்றேன், நீதான் பத்தாவது படிச்சவ."

மேடம் வந்த அன்று கூடத்தைக் கழுவினார்கள், பூந்தொட்டியை வைத்தார்கள், சுவரைத் தார்ப்பாயால் மூடினார்கள். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவராக எழுப்பினார். நல்ல குரலில், குழந்தைகளிடம் கேட்பது போலக் கேட்டார்.

"மாஸ்க் எதுக்குப் போடணும், சொல்லுங்க?"

"மூக்குத்திய கழட்டச் சொல்லிட்டாங்க மேடம், மூக்கு வெறுமையா தெரியுது, அதுக்குத்தான்" என்றாள் வளர்மதி. அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"இந்தக் குழாயை எங்கே வைக்கணும்?"

"காலுக்கடியில மேடம்" என்றாள் இன்னொருத்தி. "காத்து நல்லா வரும்."

"அது காத்தை உள்ள இழுக்கும்மா."

"ஓ, இழுக்குதுங்களா" என்றாள் அவள், அதிசயமாக.

மேடம் பிரவீன்குமாரைப் பார்த்தார். பிரவீன்குமார் தரையைப் பார்த்தார். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. நாம ஊதும்போது வர்ற தூசி உடம்புக்குள்ள எங்கே போகுது?"

நான் எழுந்து நின்றேன். எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் அதன் சத்தத்தைக் கேட்டவள் நான். வாய் வரைக்கும் சரியான பதில் வந்தது. அன்றுதான் என் வாழ்க்கையில் முதல்முறையாக, நாலு பேர் முன்னால் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"வயித்துக்குப் போவுது மேடம்" என்றேன். "மறுநாளு வெளிய போயிடும்."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியாகக் கொளஞ்சி அக்காவிடம் வந்தார். அவரிடம் கொஞ்சம் கோபம் தெரிந்தது.

"நீங்க ஊர் ஊரா வண்டியில போறீங்க. ஒரு வருஷமா இதே வேலை. உங்களுக்குக் கூடவா தெரியாது? சரியான முறை என்ன?"

பிரவீன்குமார் மூச்சைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அக்கா தெரியாது என்றால் வண்டியில் எதற்கு என்று கேட்பார்கள். தெரியும் என்றால் மிஷின் போய்விடும்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மேடம், வண்டியில எனக்குக் குடுத்த வேல தப்பா செஞ்சு காட்டறது மட்டுந்தாங்க. சரியா செய்யறது வேற பொண்ணு செய்யும். அந்தப் பொண்ணு செய்யறப்ப நான் வெளிய உக்காந்து இருமிக்கிட்டிருப்பேன். எனக்கு அத யாரும் சொல்லிக் குடுக்கலீங்க."

மேடம் வெகுநேரம் அவளைப் பார்த்தார். பிறகு பிரவீன்குமாரிடம் தாழ்ந்த குரலில் பேசினார். எங்களுக்குக் கேட்காது என்று நினைத்தார் போல.

"பாவம், இவங்களுக்கு ரொம்ப மெதுவாத்தான் ஏறும். அடிப்படையே இல்லை. இன்னும் ஒரு வருஷமாவது இங்கேயே நடத்துங்க. நான் எழுதறேன்."

முதலாளிக்கு வாடகை இன்னொரு வருஷம் நிச்சயமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவர் மேடத்தைக் கார் வரைக்கும் வழியனுப்பிக்கொண்டே, "மாட்டு மூளைங்க மேடம், நானே இதுங்கள வச்சிக்கிட்டு எவ்ளோ பாடு படறேன் பாருங்க" என்றார். மேடம் அப்படிச் சொல்லாதீர்கள் என்றார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

கார் போனது. எங்களுக்குப் பிரியாணிப் பொட்டலம் வைத்திருந்தார்கள். நான் என்னுடையதைப் பிரிக்கவில்லை. வயித்துக்குப் போவுது என்று நான் சொன்ன குரல் எனக்கே திரும்பத் திரும்பக் கேட்டது. கொளஞ்சி அக்கா கூடத்துக்குப் பின்னால் போய், தார்ப்பாயைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டு, சுவரில் காறித் துப்பிவிட்டு வந்தாள். மிஷினைப் போட்டாள். அவள் பலகையில் உட்கார்ந்து ரப்பர்க் குழாயை எடுத்துத் துடைத்தாள்.

வளர்மதிக்கு அதுவரை அடக்கிய சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. மூக்குத்தி, மூக்குத்தி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"சிரிக்காதடி" என்றாள் அக்கா. "அந்தம்மா எழுதிகினு போனதுல நாம எல்லாரும் முட்டாளுங்க. அடுத்த வருஷம் இத வுட முட்டாளா இருக்கணும். அதுக்கு என்னா சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வை."